பிரசாதம் நீட்டும்போது, கிறிஸ்தவரான நீங்கள் என்ன சொன்னீர்கள்?

கோவை, லேத் பட்டறை:

எங்கள் பட்டறையில் ஆயுத பூஜைக்கு மெஷின்களைத் துடைப்பதிலிருந்து வாழைக்கன்று கட்டுவது வரை நானும் நிற்பேன். பொரிகடலைப் பொட்டலம் வரும்போதுதான் எல்லாரும் என் முகத்தைப் பார்ப்பார்கள். இந்த வருஷம் ஃபோர்மேன் அண்ணன் நேராகவே கேட்டுவிட்டார்: "ஏன் தம்பி, எங்க சாமிக்குப் படைச்சதைத் தின்னா உங்க சாமி கோவிச்சுக்குமா?"

"கோவிச்சுக்காதுண்ணே" என்றேன். அவர் அதை எதிர்பார்க்கவில்லை. கிரேக்க நாட்டுக் கொரிந்து பட்டணத்துக் கிறிஸ்தவ சபையிலும் இதே சண்டை, கிட்டத்தட்ட 2000 வருஷத்துக்கு முன்னாலேயே. சந்தையில் விற்ற இறைச்சியில் கோயிலில் படைத்ததும் கலந்திருக்கும், வாங்கலாமா, கூடாதா? சாப்பிட்டால் மேன்மையும் இல்லை, சாப்பிடாவிட்டால் குறைவும் இல்லை என்று, இயேசுவின் செய்தியை ஊர் ஊராகக் கொண்டுபோன பவுல் அவர்களுக்கு எழுதினார். ஆனால் நான் சாப்பிடுவதைப் பார்த்து இன்னொருத்தன் மனசு தடுமாறுமானால் எனக்கு அந்த இறைச்சியே வேண்டாம் என்றும் சொன்னார். எங்கள் வெல்டிங் பக்கம் ஒரு பையன் இருக்கிறான், சமீபத்தில்தான் ஞானஸ்நானம் எடுத்தான். "அவனை நெனச்சுத்தான் வாங்கலண்ணே."

"அப்ப இது சாமி விஷயம் இல்ல, அந்தப் பய விஷயம்."

"ரெண்டும்தான்."

அப்புறம் டீ குடிக்கும்போதெல்லாம் அவரே ஏதாவது கேட்பார். பவுல் அதே கொரிந்துவில் கூடாரம் செய்து பிழைத்தவர் என்றதும் அண்ணனுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. "கைவேலைக்காரரா! அப்ப சரி."

மதுரை:

அந்தப் பையனிடம் கேட்டீர்களா, இல்லை நீங்களாகவே முடிவு கட்டிவிட்டீர்களா?

கோவை, லேத் பட்டறை:

கேட்டேன். பட்டறையில் தொடமாட்டானாம், வீட்டில் அவன் அம்மா கொடுத்தால் சாப்பிடுவானாம்!

நாகர்கோவில், நர்ஸ்:

நான் வார்டில் நானாக இயேசுவைப் பற்றிப் பேச்செடுப்பதில்லை. எங்கள் சபையில் சிலருக்கு இதில் வருத்தம். டீக்கடையில் பிடிக்காவிட்டால் எழுந்து போய்விடலாம். டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருக்கிறவர் எங்கே போவார்? கேட்டால் மட்டும் சொல்வேன். கேட்கிறவர்களுக்குச் சாந்தமாகப் பதில் சொல்லத்தானே இயேசுவின் சீடர் பேதுருவும் எழுதியிருக்கிறார்.

ஒரு அம்மா, மகனை ஆபரேஷனுக்குக் கொண்டுபோகும் முன் தலையணைக்கடியில் திருநீற்றுப் பொட்டலத்தைச் செருகிவிட்டு, "சிஸ்டர், நீங்களும் உங்க சாமிகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றார். பொட்டலத்தை எடுக்கச் சொல்லவில்லை. பையனிடமும் சம்மதம் கேட்டுவிட்டு, ஸ்ட்ரெச்சர் வருவதற்குள் சத்தமாகவே ஜெபித்தேன். "டாக்டர் கையை நடத்தும், இந்தத் தாய்க்குத் தைரியம் கொடும், இயேசுவின் நாமத்தில்", அவ்வளவுதான். "இயேசுன்னா அந்தச் சிலுவையில தொங்குறவர்தானே, அவருக்கும் அம்மா பக்கத்துலதான நின்னாங்க?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். ஆபரேஷன் முடியும் வரை அந்த அம்மா என்னிடம் மரியாளைப் பற்றித்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.

அவர்கள் சர்ச்சுக்கு வந்தார்களா என்று கேட்காதீர்கள், வரவில்லை. தீபாவளிக்கு முறுக்கு கொடுத்தனுப்பினார்கள். நான் சாப்பிட்டேன்.