‘பவர் கார்டு’: ‘ஆற்றல் நாண்’ வேண்டாம், ‘பஞ்சமக்கூட்டு’ ஆகட்டும்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

பழைய ராக், ஹெவி மெட்டல் இசைத்தொகுப்புகளைப் பற்றித் தமிழில் எழுதுவோருக்காக நாம் தொகுத்துவரும் சொல்லடைவில், கிடாரில் சுரங்களைச் சேர்த்து மீட்டும் ஒரு வகைக் கூட்டான ‘பவர் கார்டு’ என்பதற்கு ‘ஆற்றல் நாண்’ என்ற பரிந்துரை வந்திருக்கிறது. இதை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. நாண் என்பது வட்டத்தின் இரு புள்ளிகளை இணைக்கும் கோட்டுக்கு வடிவகணிதம் வைத்துக்கொண்ட பெயர். அதோடு ஆற்றலைச் சேர்த்துவிட்டால், கேட்பவர் பொறியியல் பாடம் என்றுதான் நினைப்பார். எந்தச் சுரங்கள் ஒலிக்கின்றன என்பது அதில் துளியும் இல்லை.

ஒலிப்பவை இரண்டே சுரங்கள். ஆதார சுரமான சட்ஜமும் (ச) அதன் பஞ்சமமும் (ப) சேர்ந்து ஒலிக்க, வேண்டுமானால் மேல் சட்ஜத்தையும் கூட்டிக்கொள்வார்கள். மேற்கத்திய இசையில் மேஜரா மைனரா என்று காட்டிக்கொடுக்கும் காந்தாரத்துக்கு (க) அங்கே இடமில்லை. அது ஏன் விடப்படுகிறது என்பதில்தான் இந்த இசையின் சூட்சுமமே இருக்கிறது. ஆம்ப்ளிஃபையரை அது தாங்கும் அளவுக்கு மேல் முடுக்கினால் ஒலியலையின் முகடுகள் வெட்டுப்படுகின்றன; அப்போது வாசித்த சுரங்களோடு, அவற்றின் மடங்குகளும், அதிர்வெண்களைக் கூட்டியும் கழித்தும் வருகிற புதிய ஒலிகளும் தோன்றிவிடுகின்றன. கிடாரின் தடித்த தந்தி 82.4 ஹெர்ட்ஸ், அதன் பஞ்சமம் 123.5 ஹெர்ட்ஸ். கழித்தால் ஏறக்குறைய 41, அதாவது ஆதாரத்துக்குச் சரியாக ஒரு ஸ்தாயி கீழே. யாரும் மீட்டாத அந்தக் கீழ்ச்சட்ஜம்தான் நெஞ்சில் வந்து இடிக்கிறது. இடையில் 103.8 ஹெர்ட்ஸில் அந்தர காந்தாரத்தை (மேஜருக்கு உரிய காந்தாரம்) நுழைத்துப் பாருங்கள்: ஒரு பக்கம் 21.4, மறுபக்கம் 19.7 என்று ஒட்டியும் ஒட்டாமலும் இரண்டு ஒலிகள் பிறந்து, ஒன்றோடொன்று மோதிக் கரகரக்கும்.

2007 மார்ச்சில் பெங்களூர் அரண்மனைத் திடலில் அயர்ன் மெய்டன் என்ற ஹெவி மெட்டல் குழு வாசித்தபோது நான் கூட்டத்தில் நின்றிருந்தேன். ரயிலில் ஒன்றாகப் போன நண்பர்கள் நெரிசலில் ஆளுக்கொரு பக்கம் சிதறிவிட்டார்கள். எனக்கு முன்னால் நின்ற பையன் ஒருவன், பாட்டின் வரிகளை விட்டுவிட்டு, கிடார் மெட்டையே தொண்டை கிழியப் பாடிக்கொண்டிருந்தான். அந்தக் குழுவின் இரட்டைக் கிடார் மெட்டுகளில் காந்தாரம் தாராளமாக வரும். ஆனால் ஒருவர் ஒரு சுரத்தையும் இன்னொருவர் அதன் காந்தாரத்தையும் தனித்தனி ஆம்ப்ளிஃபையரில் வாசிப்பதால், மேற்சொன்ன மோதல் நேர்வதில்லை. ஆகவே காந்தாரம் இல்லை என்பதை நினைவூட்டும் பெயரே இதற்குப் பொருந்தும். ‘பஞ்சமக்கூட்டு’ என்று நான் முன்மொழிவது அதனால்தான்.

டீப் பர்ப்பிள் குழுவின் ‘மஷீன் ஹெட்’ (1972) தொகுப்பிலுள்ள ‘ஸ்மோக் ஆன் தி வாட்டர்’ இதற்கு நல்ல சோதனை. கிடார் வாசிக்கும் ரிச்சி பிளாக்மோர் அதில் பஞ்சமத்தைக் கீழேயும் சட்ஜத்தை மேலேயும் வைத்து இரு தந்திகளையும் ஒருசேர விரலால் இழுக்கிறார். அதைத் ‘தலைகீழ்ப் பஞ்சமக்கூட்டு’ என்றால் போதும். ‘தலைகீழ் ஆற்றல் நாண்’ என்று சொல்லிப் பாருங்கள், நமக்கே சிரிப்பு வரும். பிளாக் சாபத் குழுவின் ‘மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி’ (1971) தொகுப்பில் அதன் கிடார் கலைஞர் டோனி அயோமி சில பாடல்களுக்குத் தந்திகளை மூன்று அரைச்சுரம் தளர்த்தி வாசித்திருக்கிறார். சட்ஜத்தை எங்கே வைத்தாலும் பஞ்சமம் பஞ்சமம்தான் என்பதால் அங்கும் இந்தப் பெயர் நிற்கிறது.

எங்கள் கொழிஞ்சாம்பாறை வீட்டில் தமிழ் பேசி, அலுவலகத்தில் மலையாளத்தில் மனு எழுதும் ஊர். செம்பை வைத்தியநாத பாகவதர் பிறந்த இந்தப் பாலக்காட்டு மண்ணில் பஞ்சமம் என்ற சொல்லுக்கு இரு மொழியினரிடமும் விளக்கம் தேவைப்படாது. கொச்சியின் மதர்ஜேன் குழுவில் பைஜு தர்மஜன் கிடாரிலேயே கமகம் வாசித்துக் காட்டிய பிறகு, இங்குள்ள கிடார்ப் பிள்ளைகளும் சுரப்பெயர்களைத் தயக்கமில்லாமல் சொல்கிறார்கள்.

— கொழிஞ்சாம்பாறையிலிருந்து

அண்ணாச்சி அவர்களுக்கு வணக்கம்.

‘ஆற்றல் நாண்’ வேண்டாம் என்பதில் எனக்கும் உடன்பாடே. ஆனால் பஞ்சமத்துக்கு ‘இளி’ என்ற தமிழ்ப் பெயர் சிலப்பதிகாரக் காலத்திலிருந்தே இருக்கும்போது, ‘இளிக்கூட்டு’ என்று ஏன் வைக்கக் கூடாது? இளிப்பதோடு முடிச்சுப் போட்டு எங்கள் செங்கோட்டைப் பையன்கள் கேலி செய்வார்கள் என்பது தெரியும். அதற்கு அஞ்சியே அடைப்புக்குறிக்குள் மட்டும் தரலாம் என்கிறேன்.

தம்பூராவும் சுருதிப்பெட்டியும் நாள் முழுவதும் சட்ஜ பஞ்சமத்தைத்தான் ஒலிக்கின்றன, அவையும் பஞ்சமக்கூட்டா என்று ஒருவர் எனக்குத் தனிமடலில் கேட்டிருந்தார். ஆம் என்றே சொல்லலாம். முடுக்காத கிடாரில் வாசித்தாலும் பவர் கார்டு பவர் கார்டுதானே. என் தடை வேறு இடத்தில் இருக்கிறது. பிளாக் சாபத்தின் முதல் தொகுப்பு, 1970இல், குழுவின் பெயரையே தலைப்பாகக் கொண்ட பாட்டோடு தொடங்குகிறது. அதில் சட்ஜம், மேல் சட்ஜம், பிறகு பிரதி மத்தியமம் என்று ஒவ்வொன்றாக வருகின்றன. பஞ்சமம் வரவேண்டிய இடத்தில் அரைச்சுரம் குறைகிறது. அந்த இடைவெளிக்கும் சொல்லடைவில் ஒரு பதிவு வேண்டும். ‘குறைப்பஞ்சமம்’ என்று எழுதினால் நம் வித்துவான்கள் ஒப்புவார்களா, ‘பிரதி மத்தியம இடைவெளி’ என்றே விட்டுவிடலாமா என்று அண்ணாச்சியும் மற்றவர்களும் சொல்ல வேண்டும்.

— செங்கோட்டையிலிருந்து