மறு: டெஸ்டிமனிக்குச் சாட்சியம் போதுமா?

ஐயா, வணக்கம். நாஜிகளின் யூத இனப்படுகொலை பற்றிய நம் கலைச்சொல் பட்டியலில் 'டெஸ்டிமனி'க்கு, அதாவது நேரில் கண்டவர்களும் பட்டவர்களும் சொல்லிவைத்ததற்கு, எந்தத் தமிழ்ச் சொல்லைப் போடுவது என்ற உங்கள் மடலுக்கு வரிவரியாகவே பதில் எழுதிவிடுகிறேன்.

> சாட்சியம் என்றே போட்டுவிடலாம். பேப்பர் படிக்கிற எவருக்கும் புரியும்.

புரியும். ஆனால் கூடவே கூண்டும் குறுக்கு விசாரணையும் வந்து நிற்கும். 1961இல் ஜெருசலேமில் நாஜி அதிகாரி ஐக்மன் மீதான வழக்கில் நூற்றுக்கும் மேற்பட்டோர் கூண்டேறிச் சொன்னது சாட்சியம்தான், அதில் எனக்கு மறுப்பில்லை. 1946இல் நடந்தது வேறு. டேவிட் போடர் என்ற உளவியலாளர், கம்பியில் ஒலி பதியும் கருவியைத் தூக்கிக்கொண்டு சிகாகோவிலிருந்து ஐரோப்பாவுக்குப் போனார். நாஜி வதைமுகாம்களிலிருந்து மீண்டவர்களை அவரவருக்கு வந்த மொழியில் பேசவிட்டுப் பதிந்தார். சிலர் பாடவும் செய்தார்கள். யாரும் சம்மன் அனுப்பி அழைத்ததில்லை. தீர்ப்பு வரும் என்றும் எவரும் காத்திருக்கவில்லை.

இன்னும் கெட்டியான காரணம் யேல் பல்கலைக்கழக வீடியோத் தொகுப்பில் இருக்கிறது. போலந்தில் நாஜிகள் நடத்திய ஆஷ்விட்ஸ் கொலைமுகாமில் 1944 அக்டோபர் 7 அன்று, பிணம் எரிக்கும் வேலையில் கட்டாயமாக அமர்த்தப்பட்ட யூதக் கைதிகள் கிளர்ந்தெழுந்தார்கள். ஆயுதத் தொழிற்சாலையில் வேலை செய்த பெண் கைதிகள் வெடிமருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கடத்திக் கொடுத்திருந்தார்கள். அதற்காக ரோசா ரோபோட்டா உள்ளிட்ட நான்கு பெண்கள் 1945 ஜனவரியில் தூக்கிலிடப்பட்டார்கள். அந்தக் கிளர்ச்சியைக் கண்ட ஒரு மூதாட்டி, அதுவரை மெல்லிய குரலில் பேசிக்கொண்டிருந்தவர், திடீரென்று வேகம் பிடித்து, நான்கு புகைபோக்கிகள் வெடித்து எரிந்ததாகச் சொல்கிறார். சேதமானது ஒரே ஒரு எரிகூடம். பதிவைப் பார்த்த வரலாற்றாசிரியர்கள் இது நம்பத்தக்கதல்ல என்று ஒதுக்கினார்கள். பேட்டி எடுத்த டோரி லாப் (சிறுவயதில் நாஜிக் கொடுமையிலிருந்து பிழைத்தவர், உளப்பகுப்பாய்வாளர்) ஒப்புக்கொள்ளவில்லை. ஆஷ்விட்ஸிலும் கைதிகள் திருப்பி அடிக்க முடியும் என்பதற்குத்தான் அந்த அம்மா சான்று சொல்கிறார், எண்ணிக்கைக்கு அல்ல என்றார். நான் லாப் பக்கம். சாட்சியம் என்று பெயர் வைத்தால் நான்கா ஒன்றா என்பதிலேயே அந்தப் பதிவு தோற்றுப்போகும்.

> அப்படியென்றால் வாக்குமூலம்?

வேண்டவே வேண்டாம். ஸ்டேஷனில் எழுதி வாங்குவது அது. போதாததற்கு 'மரண வாக்குமூலம்' வேறு நாவில் ஏறிக்கிடக்கிறது. இவர்கள் பிழைத்து வந்தவர்கள், ஐயா!

என் பரிந்துரை: சான்றுரை. சொன்னவர் சான்றுரையாளர், சேர்த்து வைக்கும் இடம் சான்றுரைக் காப்பகம். ஒட்டுக்கும் வளைந்து கொடுக்கிறது.

> சர்டிபிகேட் வாடை அடிக்கிறதே. தவிர, எழுத்தில் இருப்பதை உரை என்பதா?

வாடை கொஞ்சம் அடிக்கிறதுதான். புழங்கப் புழங்கப் போய்விடும். எழுத்துக்கும் உரை பொருந்தும், உரைநடையை நாம் எழுதத்தானே செய்கிறோம்? நாஜிகள் யூதர்களை அடைத்துவைத்த வார்சா கெட்டோவில் வரலாற்றாசிரியர் இமானுவேல் ரிங்கல்ப்ளும் குழு நாட்குறிப்பு, கட்டுரை, சுவரொட்டி என்று கிடைத்ததையெல்லாம் சேர்த்துத் தகரப் பெட்டிகளிலும் பால் கேன்களிலும் அடைத்துப் புதைத்தது. ஒரு பகுதி 1946இலும் இன்னொன்று 1950இலும் தோண்டி எடுக்கப்பட்டன. எழுதியவர்களில் பெரும்பாலோர் கொல்லப்பட்டுவிட்டார்கள். குழுவில் உயிர்தப்பிய மிகச் சிலரில் ஒருவரான ராஹேல் அவுர்பாக் பிற்பாடு இஸ்ரேலின் இனப்படுகொலை நினைவகமான யாத் வஷேமில் பிழைத்தோரின் நினைவுகளைப் பதியும் பிரிவுக்கே தலைமை ஏற்றார். மண்ணுக்கடியில் கிடந்ததற்கும் அவர் பதிய வைத்ததற்கும் ஒரே சொல் வேண்டும். சாட்சியம் அங்கே ஒட்டாது.

பட்டியலின் மற்ற இரண்டு சொற்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ரெஸ்க்யூவருக்கு 'மீட்பர்' என்று பட்டியலில் ஏறியிருக்கிறது. தமிழில் மீட்பர் என்றால் இயேசு. யூதக் குடும்பத்தைப் பரணில் ஒளித்து வைத்த போலந்து விவசாயிக்கோ, 1943இல் யூதர்களைப் படகில் ஏற்றி ஸ்வீடனுக்குக் கடத்திய டென்மார்க் மீனவருக்கோ அது சரிவராது. 'காத்தவர்' போதும். ரெசிஸ்டன்ஸுக்கு 'எதிர்ப்பு' இருக்கட்டும். துப்பாக்கி தூக்கியவருக்கு மட்டும் என்று விளக்கத்தில் குறுக்கிவிடாதீர்கள், ரிங்கல்ப்ளும் குழு செய்ததும் எதிர்ப்புதான்.

பட்டியலில் இப்படித் திருத்தலாமா?

டெஸ்டிமனி: சான்றுரை, நீதிமன்றத்திலும் விசாரணை ஆணைக்குழுவிலும் சாட்சியம்.

சர்வைவருக்குப் 'பிழைத்தோர்', 'உயிர்தப்பியோர்' இரண்டும் கிடக்கின்றன. என் ஓட்டு முதலாவதற்கு. ஈழத்து நண்பர்கள் அங்கே எது புழக்கத்தில் இருக்கிறது என்று சொன்னால் முடித்துவிடலாம்.