குள்ளத் தாராவும் மருத மரப் பொந்தும்: டெல்டா ஏரிகளில் கண்டவை

மன்னார்குடியிலிருந்து:

நம் ஏரிப் பறவைகளைப் பற்றிய இந்தக் கடிதப் பகுதியில் நத்தைகுத்தி நாரையையும் பூநாரையையும் பற்றிப் பலர் எழுதிவிட்டீர்கள். நான் குள்ளத் தாராவைப் பற்றிச் சொல்கிறேன். சாண் நீளத்துக்குச் சற்றே கூடுதலாக இருக்கும், உலகின் மிகச் சிறிய வாத்தினங்களுள் ஒன்று. அல்லி இலைகளுக்கு நடுவே மிதந்தால் கண்ணில் படாது. எழுந்து பறக்கும்போதுதான் ஆணின் இறக்கையில் வெள்ளைப் பட்டை பளிச்சென்று தெரியும்.

வடுவூர்ப் பக்கம் ஒரு சிற்றேரி. அதன் கரையில் பழைய மருத மரம், கிளை முறிந்த இடத்தில் பொந்து. அதற்குள்ளிருந்து பெண் தாரா தலையை நீட்டிப் பார்த்தது. வெண்முகமும் கழுத்தில் கருவளையமுமாக ஆண் கீழே தண்ணீரில் சுற்றிக்கொண்டிருந்தது. வாத்து மரத்தில் முட்டையிடும் என்றால் எங்கள் தெருவில் இன்றும் நம்ப மறுப்பவர்கள் இருக்கிறார்கள்.

பிறகொரு காலையில் குஞ்சுகள் இறங்குவதையும் பார்த்தேன். தாய் முதலில் தண்ணீருக்கு வந்து குரல் கொடுத்தது. குஞ்சுகளின் கால் நகங்கள் கூர்மையானவை. அவற்றால் பொந்தின் உட்சுவரைப் பற்றி விளிம்புக்கு ஏறி, ஒவ்வொன்றாகக் குதித்தன. ஒரு குஞ்சு கரைப் புல்லில் விழுந்து, ஒரு முறை உருண்டு எழுந்து, நேராகத் தாயிடம் ஓடியது. உடம்பில் எடை இல்லை, மேலெல்லாம் மென்தூவி. அதனால் அடிபடவில்லை.

கரையைப் பலப்படுத்தும் வேலை வந்தால் முதலில் வெட்டப்படுவது இந்தக் கிழட்டு மரங்கள்தான். அதற்குப் பதிலாக நடும் கன்றில் பொந்து விழ ஒரு தலைமுறை ஆகும். தண்ணீர் நிறைந்திருந்தும் பொந்து இல்லாத ஏரியில் இந்தத் தாரா குடும்பம் நடத்த முடியாது. வடுவூர் ஏரி 2022இல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது பெருமைதான். பட்டியலில் இல்லாத சிற்றேரிகளின் கரை மரங்களுக்கும் யாராவது பேச வேண்டும்.

அரியலூர் மாவட்டத்திலிருந்து:

அண்ணா, நீங்கள் மரத்தைச் சொன்னீர்கள், நான் வயலைச் சொல்கிறேன். கொள்ளிடத்துக்கு வடக்கே எங்கள் கரைவெட்டி ஏரிக்கு வரித்தலை வாத்துகள் வருகின்றன. வெள்ளைத் தலையில் இரண்டு கறுப்புக் கோடுகள், அதுவே அடையாளம். மங்கோலியா, திபெத் பக்கத்து ஏரிகளில் குஞ்சு பொரித்துவிட்டு இமயமலையைத் தாண்டுபவை இவை. கருவி பொருத்திக் கண்காணித்ததில் 7,000 மீட்டருக்கு மேலேயும் பறந்திருக்கின்றன. காற்று மெலிந்த அந்த உயரத்திலும் ஆக்சிஜனை இறுகப் பற்றும் தன்மை அவற்றின் ரத்தத்துக்கு உண்டு.

பகலில் ஏரி நடுவே ஓய்வெடுக்கும். பொழுது சாய்ந்ததும் கூட்டமாக எழுந்து வயல் பக்கம் போகும், அறுத்த தாளிலும் வரப்புப் புல்லிலும் மேயும். ஆகவே ஏரிக்கு மட்டும் காவல் போட்டால் போதாது, சுற்றியுள்ள நஞ்சையும் நஞ்சையாகவே இருக்க வேண்டும்.

ஒரு சந்தேகம். ஐப்பசியில் வலசை வரும் நீலச்சிறகி என்ற சிறு வாத்தின் கூட்டத்தில் ஆண் பறவையே கண்ணில் படுவதில்லையே, ஏன்?

வேதாரண்யத்திலிருந்து:

தம்பி, ஆண்களும் அந்தக் கூட்டத்திலேயே இருக்கின்றன. இனப்பெருக்கம் முடிந்ததும் ஆண் தன் அழகு இறகுகளை உதிர்த்துவிடும். பெண்ணைப் போன்ற மங்கலான பழுப்பு நிறத்தோடுதான் இங்கே வந்து சேரும். கோடியக்கரைப் பக்கம் நான் பார்த்தவரை, தை, மாசியில் கண்ணுக்கு மேல் வெண்புருவம் எழும்பி, பின்கழுத்து வரை வளைந்து இறங்கும். அப்போது ஆணை யாரும் அடையாளம் சொல்லிவிடலாம். குரலும் உதவும்: சீப்புப் பற்களில் நகத்தை இழுத்தது போன்ற வறண்ட ஓசை ஆணுடையது. அவசரமென்றால் இறக்கை விரியும்போது பாருங்கள், ஆணின் முன்னிறக்கை எந்தப் பருவத்திலும் வெளிர் நீலச்சாம்பலாகவே இருக்கும். பெண்ணுக்கு அந்த இடம் மங்கலான சாம்பல்தான்.