75 மில்லிவோல்ற்று சண்ட், மீற்றரில் 0.01: இது எத்தனை அம்பியர்?

கொட்பே வயரிங் (கேள்வி)

கொட்பேத் துறைமுகத்தில் நிற்கிற ஒரு பலநாள் படகுக்கு 12 வோல்ற்று வயரிங் நடக்குது. பற்றரியின் நெகற்றிவ் வயரில் 100 அம்பியர், 75 மில்லிவோல்ற்று என்று அடித்த சண்ட் (கரண்ட் அளக்கப் பூட்டுகிற மிகச் சிறிய தடை, 100 அம்பியர் ஓடினால் அதன் முனைகளில் 75 மில்லிவோல்ற்று வரும்) பூட்டியிருக்கு. லைற், ஜிபிஎஸ், மீன் காட்டி எல்லாம் போட்டுவிட்டு சண்ட்டின் இரண்டு முனையிலும் மீற்றரை வைத்தால், 20 ரேஞ்சில் 0.01 காட்டுது. 2000எம் ரேஞ்சில் 12, 200எம் ரேஞ்சில் 12.4. மூன்றும் ஒரே அளவுதானா? அம்பியர் எவ்வளவு?

இன்னொன்று. அதே லோட்டில் பற்றரியில் 12.58 வோல்ற்று, சுவிட்ச் போர்ட்டில் 11.97. வயர் 6 சதுர மில்லிமீற்றர் செம்பு, போக 5 மீற்றர், வர 5 மீற்றர். இவ்வளவு இறக்கம் சரியா?

உப்புவெளி மின்னியல்

மூன்றும் ஒரே அழுத்தம்தான். 20 ரேஞ்ச் வோல்ற்றில் காட்டும். எம் போட்ட இரண்டு ரேஞ்சும் நேராக மில்லிவோல்ற்றில் காட்டும், அதை மறுபடி 1000 ஆல் பெருக்கக் கூடாது. 0.01 வோல்ற்று என்றால் 10 மில்லிவோல்ற்று. மற்றவை 12, 12.4 மில்லிவோல்ற்று.

இலக்கம் வித்தியாசப்படுவது மீற்றரின் கடைசித் தானத்தால். 20 ரேஞ்சில் அந்தத் தானம் ஒரு படி ஏறினால் 10 மில்லிவோல்ற்று. உங்கள் சண்ட்டில் ஒரு அம்பியருக்கு 75 ÷ 100 = 0.75 மில்லிவோல்ற்று. ஆக ஒரு படி 13.3 அம்பியர்! 13.3 க்கு அடுத்ததாக அந்த ரேஞ்ச் காட்டக்கூடியது 26.7 தான். 200எம் ரேஞ்சில் ஒரு படி 0.1 மில்லிவோல்ற்று, கிட்டத்தட்ட 0.13 அம்பியர். சண்ட்டுக்கு அந்த ரேஞ்ச் ஒன்றையே பாவியுங்கோ.

12.4 ÷ 0.75 = 16.5 அம்பியர். வோல்ற்றில் செய்தாலும் 0.0124 ÷ 0.00075, விடை அதேதான். ஒன்றை வோல்ற்றிலும் மற்றதை மில்லிவோல்ற்றிலும் போட்டால் 1000 மடங்கு பிழைக்கும். கணக்குத் தொடங்க முதலே இரண்டையும் மில்லிவோல்ற்றுக்குக் கொண்டு வந்துவிடுங்கோ.

மீற்றரின் இரண்டு முனையையும் ஒன்றோடொன்று தொடுத்துப் பாருங்கோ, 00.0 வர வேண்டும். 00.2 நின்றால் அதைக் கழியுங்கோ. முனைகளை எங்கே வைக்கிறீர்கள் என்பது இதைவிட முக்கியம். சண்ட்டில் பெரிய போல்ட் இரண்டு, உள்பக்கம் சின்ன ஸ்குரூ இரண்டு இருக்கும். அளவு எடுப்பது சின்ன ஸ்குரூவில். பெரிய போல்ட்டில் வைத்தால் லக் (வயர் முனையில் அழுத்திப் பூட்டுகிற உலோக வளையம்) தொடுகையின் தடையும் சேர்ந்துவிடும். உப்புப் பூத்து 0.1 மில்லிஓம் கூடினாலே 16.5 அம்பியரில் 1.65 மில்லிவோல்ற்று, அதாவது இல்லாத 2.2 அம்பியரைக் காட்டும்.

கிண்ணியா கடல்வயர்

இறக்கம் 0.61 வோல்ற்று, அதாவது 610 மில்லிவோல்ற்று. ஒரு சதுர மில்லிமீற்றர் செம்பில் ஒரு மீற்றருக்குத் தடை 0.0172 ஓம், ஆக 6 சதுர மில்லிமீற்றர் செம்பில் 5 மீற்றருக்குத் தடை 0.0172 × 5 ÷ 6 = 0.0143 ஓம். 16.5 அம்பியரில் ஒரு பக்கம் 237, இரண்டு பக்கமும் 474 மில்லிவோல்ற்று. மிச்சம் 136 இல் சண்ட்டின் 12.4 போக, 120 க்கு மேல் எங்கேயோ இணைப்பில் போகுது.

இரண்டு பெரிய அளவைக் கழித்து அதைத் தேட வேண்டாம், இடையில் லோட் மாறினால் விடையும் மாறும். லோட்டைப் போட்டபடி ஒரு முனையை பற்றரி பொசிற்றிவ் லக்கிலும் மற்றதை போர்ட் பொசிற்றிவிலும் வையுங்கோ. பிறகு ஒரு முனையை சண்ட்டின் போர்ட் பக்க போல்ட்டிலும் மற்றதை போர்ட் நெகற்றிவிலும் வையுங்கோ. நீளமான மீற்றர் வயர் வேண்டும், மெல்லிய வயரே போதும். ரேஞ்ச் 2000எம்.

கொட்பே வயரிங்

அளந்தாச்சு அண்ணா. பொசிற்றிவ் 240, நெகற்றிவ் 358.

கிண்ணியா கடல்வயர்

கூட்டினால் 598. சண்ட்டுக்குள் 12.4 இருக்கு, ஆக 610 சரியாக வருது. பொசிற்றிவ் சுகம், பிழை நெகற்றிவில். 358 இல் 237 வயருக்கு. மிச்சம் 121 மில்லிவோல்ற்று, 7 மில்லிஓமுக்கு மேல், அந்த இணைப்பில் 2 வாற் சூடு. ஒவ்வொரு லக்காக, வயரின் செம்பில் ஒரு முனை, போல்ட்டில் ஒரு முனை வைத்துப் போங்கோ. நல்ல லக்கில் சில மில்லிவோல்ற்றுக்கு மேல் வராது. 100 க்கு மேல் காட்டுவதை வெட்டி எறியுங்கோ, உள்ளே செம்பு கறுத்திருந்தால் பளபளக்கிற இடம் வரைக்கும் வெட்ட வேண்டும். வெள்ளீயம் பூசிய வயர், சரியான அளவு லக், பசை உள்ள ஹீற் ஸ்ரிங்க் (சூடாக்கினால் சுருங்கி இறுகுகிற குழாய்) போடுங்கோ. வெறும் ரேப் சுற்றினால் உப்பு ஈரத்தை உள்ளே பிடித்து வைத்திருக்கும்.

லக்கை மாற்றினாலும் 474 இருக்கும், 12 வோல்ற்றில் 4 சதவீதம். மீன் காட்டி, ஜிபிஎஸ் போகிற வயருக்கு 3 சதவீதத்துக்குள் வைப்பது நல்லது, அது 360 மில்லிவோல்ற்று. 10 சதுர மில்லிமீற்றர் போட்டால் 284 க்கு வரும்.

உப்புவெளி மின்னியல்

நிரந்தரமாக அம்பியர் மீற்றர் பூட்டுவதென்றால் இன்னும் மூன்று விஷயம். மீற்றரும் 75 மில்லிவோல்ற்றுக்குச் சரிப்படுத்தியதாக இருக்க வேண்டும். 50 மில்லிவோல்ற்று மீற்றரை இந்தச் சண்ட்டில் பூட்டினால் 16.5 அம்பியரை 24.8 என்று காட்டும். எஞ்சினின் ஸ்ராட்டர் நெகற்றிவை சண்ட்டுக்குப் பிறகு பூட்டாமல் பற்றரிப் பக்கம் பூட்டுங்கோ. ஸ்ராட்டர் இழுப்பது நூற்றுக்கணக்கான அம்பியர், 100 அம்பியர் சண்ட் அதற்கில்லை. தொடர்ந்து ஓடுகிற லோட்டும் சண்ட் அளவின் மூன்றில் இரண்டுக்குள், இதில் 66 அம்பியருக்குள், நிற்க வேண்டும். அதற்கு மேல் சூடேறினால் தடை மாறி அளவும் பிசகும்.