டெபியன்ல பின் (pin) போட்டு வச்சும் ட்ரிக்ஸில இருந்து எல்லாமே இறங்கப் பாக்குது, ஏன்?

கேள்வி:
வணக்கம் மக்களே. டெபியன் லினக்ஸ் 12, அதாவது புக்வார்ம், ஓட்டுறேன். கிம்ப் 3 (படம் எடிட் பண்ற சாஃப்ட்வேர்) வேணும்னு, அடுத்த ரிலீஸான ட்ரிக்ஸி டெஸ்டிங்ல இருந்தப்பவே அந்த ரெப்போவையும் (பேக்கேஜ் கிடங்கு) சேர்த்து, எந்த ரிலீஸுக்கு எவ்வளவு பிரையாரிட்டின்னு சொல்ற (அதான் பின்) பிரிஃபரன்சஸ் ஃபைல்ல ஏ=ஸ்டேபிள் 900, ஏ=டெஸ்டிங் 100னு எழுதி வச்சேன், பல மாசம் ஒரு தொந்தரவும் இல்ல. இப்ப ஆப்ட் (பேக்கேஜ் இறக்குற கமாண்டு) அப்கிரேடு குடுத்தா ஆயிரத்துக்கு மேல பேக்கேஜ் லிஸ்ட் ஓடுது, எல்லாம் ட்ரிக்ஸி. பயந்துபோய் நோ குடுத்துட்டேன். புக்வார்முக்கு 1001 போட்டா சரியாயிடுமா?

பதில் 1:
நோ குடுத்தது நல்லதாப் போச்சு ப்ரோ. 2025 ஆகஸ்ட் 9 அன்னிக்கு ட்ரிக்ஸி ஸ்டேபிள் (அதிகாரபூர்வ ரிலீஸ்) ஆயிடுச்சு, புக்வார்ம் ஓல்டுஸ்டேபிள் (முந்தின ரிலீஸ்). நீங்க எழுதினது ஸ்டேபிள்ங்கிற பட்டத்துக்கு, அந்தப் பட்டம் கை மாறினதும் 900ம் கூடவே ட்ரிக்ஸிக்குப் போயிடுச்சு, புக்வார்ம் சாதாரண 500க்கு இறங்கிடுச்சு. ஆப்ட் முதல்ல பிரையாரிட்டியத்தான் பாக்கும், அது சமமா இருந்தாத்தான் வெர்ஷன் நம்பரைப் பாக்கும். பட்டத்தைக் குறிக்கிற ஏ=க்குப் பதிலா பேரைக் குறிக்கிற என்=னு போட்டு ட்ரிக்ஸின்னு பேரையே எழுதுங்க, பேரு என்னிக்கும் மாறாது.

பதில் 2:
1001 மட்டும் வேண்டவே வேண்டாம்ங்க. 1000ம் அதுக்கு மேலயும்னா டவுன்கிரேடு பண்ணியாவது அந்த வெர்ஷனைக் கொண்டு வான்னு அர்த்தம். கிம்ப் கூட லிப்சி (சிஸ்டத்தோட அடிப்படை லைப்ரரி) 2.41 வந்திருந்தா அதை 2.36க்கு இழுக்கப் பாக்கும், டவுன்கிரேடை டெபியன் சப்போர்ட்டே பண்றதில்ல.

இன்னொண்ணு, என்னைக் கேட்டா இதுதான் பெரிய விஷயம். ஸ்டேபிளுக்கு 900 குடுத்தீங்களே, செக்யூரிட்டி ரெப்போவோட பேரு ஸ்டேபிள்-செக்யூரிட்டி, அது உங்க வரில சேராது, 500லயே நின்னிருக்கும். அப்ப இத்தனை மாசமா செக்யூரிட்டி அப்டேட் அங்கிருந்து வந்திருக்கவே வாய்ப்பில்ல. ஆப்ட் பாலிசி ஃபயர்ஃபாக்ஸ்-ஈஎஸ்ஆர்னு அடிச்சுப் பாருங்க. என்=புக்வார்ம்னு மாத்தி 900 வச்சாலும் இதே கதைதான், அங்க பேரு புக்வார்ம்-செக்யூரிட்டி. அதனால சொந்த ரிலீஸை ஏத்தாதீங்க, வெளில இருந்து வந்ததை மட்டும் இறக்குங்க. மூணே வரி: பேக்கேஜ்: *, பின்: ரிலீஸ் என்=ட்ரிக்ஸி, பின்-பிரையாரிட்டி: 100. ஏற்கனவே ட்ரிக்ஸில இருந்து போட்ட கிம்புக்கு அப்டேட் அங்கிருந்து வந்துட்டேதான் இருக்கும், மத்தது எதையும் அது தொடாது.

கேட்டவர்:
அடிச்சுப் பாத்தேன், நீங்க சொன்னது அப்படியே இருக்கு. இன்ஸ்டால்டு வெர்ஷன் ரொம்பப் பழசு, அதுக்கு மேல புதுசு ஒண்ணு செக்யூரிட்டி ரெப்போல 500ல காத்துக் கெடக்கு. இந்த பிரவுசர்லதான் பேங்க் வேலையெல்லாம் பாத்துட்டிருந்தேன், மனசே பதறிடுச்சு. பழைய ஃபைலைத் தூக்கிட்டு புதுசா மூணு வரி எழுதி பிரிஃபரன்சஸ் டாட் டி ஃபோல்டர்ல போட்டும் எதுவும் மாறல.

பதில் 1:
ஃபைல் பேரு என்ன வச்சீங்க? டாட் பிரெஃப் இருக்கணும், இல்லைன்னா எக்ஸ்டென்ஷனே இருக்கக்கூடாது. வேற எது வச்சாலும் ஆப்ட் ஒதுக்கிடும்.

கேட்டவர்:
டாட் கான்ஃப்னு வச்சிருந்தேன்! மாத்தினதும் புக்வார்ம் 500, செக்யூரிட்டி 500, ட்ரிக்ஸி 100. இப்ப அப்கிரேடு லிஸ்ட்ல செக்யூரிட்டி அப்டேட்டுங்கதான் வரிசையா நிக்குது, ஃபயர்ஃபாக்ஸ் முதல்ல இறங்கிட்டு இருக்கு. ரொம்ப நன்றிங்க ரெண்டு பேருக்கும். இந்த மாசக் கடைசில பேக்கப் எடுத்துட்டு முழுசா ட்ரிக்ஸிக்கே மாறிடுறேன்.