புதுப்பிப்பு: ஸ்கேன் ஃபோல்டரைத் தினமும் காலி செய்யும் பேட்ச் ஃபைல்

ஆபீஸில் ஸ்கேனர் கொட்டும் ஃபோல்டரை இரவில் தானாகக் காலி செய்ய வழி கேட்டிருந்தேன். ஃபோல்டர் இருக்க வேண்டும், உள்ளே இருப்பவை மட்டும் போக வேண்டும். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி, இப்போது அதற்கான பேட்ச் ஃபைல் (விண்டோஸ் கட்டளைகளை வரிசையாக ஓட்டும் சிறு ஃபைல்) ஓடுகிறது.

பலர் சொன்ன 'டெல்' (del) கட்டளை ஃபைல்களை மட்டும்தான் அழிக்கிறது. உள்ஃபோல்டர்கள் அப்படியே நிற்கும். ஃபோல்டரை நீக்கும் 'ஆர்டி' (rd) அவற்றையும் அழிக்கும், ஆனால் தாய் ஃபோல்டரும் சேர்ந்து போய்விடும். ஃபோல்டர் உருவாக்கும் 'எம்டி' (md) போட்டுத் திரும்ப உருவாக்கினாலும், அதற்கென்று கொடுத்திருந்த அனுமதிகள் திரும்பி வராது. ஷேர் செய்த ஃபோல்டருக்கு இது சரிப்படாது.

கடைசியில் எடுத்தது 'புஷ்டி' (pushd, ஒரு ஃபோல்டருக்குள் நுழையும் கட்டளை) வழி. முதலில் அந்த ஃபோல்டருக்குள் நுழைந்து, அப்புறம் எஸ் (/s, உள்ளே இருப்பவற்றையும் சேர்த்து அழிக்க), க்யூ (/q, உறுதி கேட்காமல் அழிக்க) சேர்த்து 'ஆர்டி' ஓட்டுவது. நாம் உள்ளேயே நிற்பதால் விண்டோஸ் அந்த ஃபோல்டரை அழிக்க முடியாமல் ஒரு பிழைச் செய்தி காட்டும். உள்ளே இருப்பவை போய்விடும். அந்தப் பிழை நமக்கு வேண்டியதுதான், பயப்பட வேண்டாம்.

இரண்டு கட்டளைக்கும் நடுவில் && கட்டாயம்; முதலாவது வெற்றி பெற்றால்தான் அடுத்தது ஓடும். 'ஆர்டி'க்கு வெறும் புள்ளி (இப்போது நிற்கும் ஃபோல்டர் என்று பொருள்) கொடுக்காமல் முழுப் பாதையை மேற்கோள் குறிக்குள் கொடுங்கள். குறித்த நேரத்தில் இதை ஓட்டும் டாஸ்க் ஷெட்யூலரில் தொடக்க இடம் குறிப்பிடாவிட்டால் ஸ்கிரிப்ட் சிஸ்டம்32-இல் (விண்டோஸின் சொந்த ஃபைல்கள் இருக்கும் ஃபோல்டர்) நின்றுகொண்டு தொடங்கும். 'புஷ்டி' தோற்று, புள்ளி மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்!

இப்படி அழிந்தவை ரீசைக்கிள் பின்னுக்கு வராது. யாராவது திறந்து வைத்திருக்கும் ஃபைல் தங்கிவிடும், மறுநாள் போகும். எங்களுக்கு அது போதும்.