யமஹா 121, புதுசு: மூன்று கடையில் மூன்று விலை. ஏன்?

வேளச்சேரி அப்பா | வியாழன் இரவு 11:42

அவசரம். சனிக்கிழமைக்குள் அட்வான்ஸ் கொடுத்தால்தான் இந்த விலை என்கிறார்கள்.

பெண்ணுக்குப் புது பியானோ வாங்குகிறோம். கிராண்ட் இல்லை, சுவரோரமாக நிற்கிற அப்ரைட். யமஹா, 121, கருப்பு பாலிஷ். மூன்று கடையில் கேட்டேன். ஒரு இடத்தில் 5.35, இன்னொரு இடத்தில் 5.90, டீச்சர் சொல்லி அனுப்பிய கடையில் 8.60. ஒரே கம்பெனி, ஒரே உயரம், ஒரே கலர். ஃப்ரிட்ஜ் வாங்கப் போனால் கடைக்குக் கடை ஆயிரம் இரண்டாயிரம் மாறும், சரி. மூன்றே கால் லட்சம் எப்படி மாறும்? யார் ஏமாற்றுகிறார்கள்? தெரிந்தவர்கள் உடனே சொல்லவும்.

கோவை மீனா | 11:58

மாடல் என்ன சார்? 121 என்பது உயரம், செ.மீ. கணக்கு. மாடல் பெயர் இல்லை.

ரசீதுராஜன் | வெள்ளி காலை 6:10

வரி சேர்த்தா, தனியா? டெலிவரி யார் தலையில்? எந்த மாடி? லிஃப்ட் உண்டா? கொட்டேஷன் கையில் இருக்கிறதா, வாயால் சொன்னதா? மண்டபம் இரண்டு லட்சம் என்பார்கள். கரண்ட், ஜெனரேட்டர், கிளீனிங் எல்லாம் கணக்கு முடிக்கும்போதுதான் வெளியே வரும். அந்த மாதிரி இருக்கிறது உங்கள் கேள்வி.

சுருதி சுத்தம் (பழைய உறுப்பினர்) | 6:45

இந்தக் கேள்வி வருஷத்துக்கு நாலு தடவை இங்கே வருகிறது. தேடிப் பார்க்கிற பழக்கம் யாருக்கும் இல்லை. தம்பி, பியானோவும் ஃப்ரிட்ஜும் ஒன்றில்லை. உள்ளே 200க்கு மேல் கம்பிகள். எல்லாம் சேர்ந்து இழுக்கிற இழுப்பு டன் கணக்கில். அதைத் தாங்குகிற இரும்புச் சட்டம், ஸ்ப்ரூஸ் மரத்து சவுண்ட்போர்டு, ஆயிரக்கணக்கில் சின்னச் சின்ன பாகங்கள். நீங்கள் கலரையும் உயரத்தையும் வைத்து விலை விசாரிக்கிறீர்கள். ஜப்பானில் செய்தால் பியானோ. மற்றதெல்லாம் ஃபர்னிச்சர். எங்கே செய்தது என்று கேட்டீர்களா?

கோவை மீனா | 7:20

அவர் இப்போதுதான் முதல் பியானோ வாங்குகிறார், கொஞ்சம் மெதுவாகச் சொல்லலாமே.

சார், யமஹாவில் 121 செ.மீ. உயரத்தில் பி3 என்று ஒன்று, யு1 என்று ஒன்று. பி3 இந்தோனேசியாவில் செய்வது, யு1 ஜப்பானில். இரண்டுமே கருப்பு பாலிஷில் வரும். பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி உயரத்தை டேப் வைத்து அளந்தாலும் வித்தியாசம் தெரியாது. விலையில்தான் தெரியும். 8.60 யு1 ஆக இருக்கும் என்று நினைக்கிறேன். மேல் மூடியைத் தூக்கி உள்ளே எட்டிப் பாருங்கள், இரும்புச் சட்டத்தில் மாடலும் சீரியல் நம்பரும் இருக்கும். மாடலுக்குப் பின்னால் எஸ்ஹெச், எஸ்சி என்று ஏதாவது ஒட்டிக்கொண்டிருந்தால் அது சைலன்ட் வகை, ஹெட்ஃபோன் மாட்டி வாசிக்கலாம். அதற்குத் தனி விலை, நல்ல விலை. என் மகனுக்கு வாங்கும்போது அந்த இரண்டு எழுத்தைக் கவனிக்காமல் ஒரு வாரம் ஒரு கடைக்காரரைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

நம்ம ஊர் பாபு | 8:02

யமஹாவுக்குச் சென்னைக்குப் பக்கத்திலேயே ஃபேக்டரி இருக்கிறதே? நேராக அங்கே போனால் பாதி விலைக்குக் கிடைக்காதா?

ட்யூனிங் லீவர் | 8:15

2019இல் ஆரம்பித்த அந்த ஃபேக்டரியில் கீபோர்டு, கிடார் எல்லாம் செய்கிறார்கள். இந்த மாதிரிக் கம்பி போட்ட பியானோ அங்கே செய்வதில்லை. கேட்டில் போய் நிற்காதீர்கள்.

ஸ்காபரோ சுகு | 8:40

அண்ணை, கனடாவிலும் இதே கதைதான். பியானோக் கடையில் பாதிப் பேர் விலையை எழுதி ஒட்டுவதில்லை, கதைத்துத்தான் எடுக்க வேணும். ஒரு கம்பெனிப் பியானோவை ஒரு பகுதியில் ஒரு கடைதான் விற்கும், அதால் ஒப்பிட்டுப் பார்க்கவும் வழியில்லை. பேசி முடித்த பிறகு 13 வீத வரி மேலே ஏறும். இந்தச் சனிக்கிழமையோடு சலுகை முடிகிறது என்று எனக்கும் சொன்னவை. மூன்று மாதம் கழித்துப் போனேன், அதே சலுகை மட்டை அதே இடத்தில் தொங்கியது. அவசரப்படாதையுங்கோ.

இன்னொன்று, ஜப்பானில் ஓடின பழைய பியானோவை இஞ்சை எடுக்க வேண்டாம் என்று கடைக்காரர் பயப்படுத்துவினம். ஈரமான ஊருக்கென்று பதப்படுத்திய மரமாம், எங்கட பனிக்காலத்து ஹீட்டருக்கு வெடிச்சுப் போகுமாம்.

சுருதி சுத்தம் (பழைய உறுப்பினர்) | 8:58

பயமுறுத்தல் இல்லை, உண்மை. நாட்டுக்கு நாடு மரத்தை வேறு மாதிரிப் பதப்படுத்துகிறார்கள். விலை மாறுவதற்கு அதுவே முக்கியக் காரணம். பல வருஷமாகச் சொல்லி வருகிறேன்.

ட்யூனிங் லீவர் | 9:30

சார், உங்கள் மேல் மரியாதை உண்டு, ஆனால் சென்னையில் இரண்டு கடைக்கு நடுவே விலை மாற அது எப்படிக் காரணமாகும்? இரண்டு கடைக்கும் வருவது ஒரே துறைமுகம் வழியாக. எப்படிப் பதப்படுத்தின மரமும் நிற்கிற ஊர்க் காற்றுக்குத் தகுந்தபடி ஈரத்தை இழுக்கும், விடும். டொரன்டோவில் வறட்சி பிரச்சினை. நமக்கு நேர்மாறு: கம்பியில் துரு, நவம்பர் மழையில் கீ எழும்பாமல் ஒட்டிக்கொள்வது.

இழை போட்டவருக்கு: 5.35, 5.90 இரண்டில் ஏதாவது ஷோரூமில் நிறுத்தி வைத்த பீஸா என்று கேளுங்கள். காலை பத்துக்கு ஏசி போட்டு ராத்திரி எட்டரைக்கு அணைக்கிற கடையில் ஒரு வருஷம் நின்ற பியானோ, தினமும் ஒரு தடவை வேர்த்து ஒரு தடவை காய்ந்திருக்கும். வருகிற பிள்ளைகள் எல்லாம் தட்டிப் பார்த்திருப்பார்கள். முன் பலகையைக் கழற்றச் சொல்லி, மொபைல் டார்ச் அடித்து, கம்பியை அடிக்கிற ஹாமரின் நுனியைப் பாருங்கள். புதுசு என்றால் வெள்ளைக் கம்பளி வழவழவென்று இருக்கும். அடி வாங்கினது என்றால் கம்பி பதிந்து மூன்று கோடு தெரியும். கோடு இருந்தால் வாங்கக் கூடாது என்றில்லை, விலையைக் குறைத்துக் கேட்கலாம். சீரியல் நம்பருக்கு முன்னால் ஜே இருந்தால் இந்தோனேசியா.

வேளச்சேரி அப்பா | மதியம் 1:15

ஆஃபீஸில் இருக்கிறேன். மாடல் கேட்கவில்லை. மூன்றும் புதுசுதான் என்றார்கள். இரண்டாவது மாடி, லிஃப்ட் இருக்கிறது, நாலு பேர் போகலாம். 5.35 கடைக்காரர் வாட்ஸ்அப்பில் விலை மட்டும் அனுப்பினார். எம்ஆர்பி என்று ஒன்று உண்டே, எல்லாரும் அதே விலைக்குத்தானே விற்க வேண்டும்?

ரசீதுராஜன் | 1:40

எம்ஆர்பி மேல் வரம்பு. அதற்குக் கீழே அவரவர் லாபத்தில் கை வைத்து எவ்வளவுக்கும் விற்கலாம். அதில் வரியும் அடக்கம். ஆனால் 5.35 போன்ற வாட்ஸ்அப் விலை பெரும்பாலும் வரி சேர்க்காதது. இரண்டு எழுத்து டைப் செய்து கேளுங்கள் சார்.

லிஃப்டை மறந்துவிடுங்கள். யு1 என்றால் 153 செ.மீ. அகலம், 228 கிலோ. நாலு பேர் லிஃப்டில் அது நுழையாது. படியில் பெல்ட் கட்டித்தான் ஏற்ற வேண்டும், மாடிக்கு இவ்வளவு என்று தனிக் கூலி. படி திரும்புகிற இடத்தை இன்றைக்கே அளந்து வையுங்கள்.

முன்னாள் கவுன்ட்டர் | 2:20

ஆறு வருஷம் ஒரு இசைக்கருவிக் கடையில் இருந்தேன், ஊரும் பேரும் வேண்டாம். விலை எப்படிப் போடுவோம் என்று சொல்கிறேன்.

கிடார் தினமும் போகும். பியானோ ஒன்று போக ஆறு மாசமும் ஆகும், ஒரு வருஷமும் ஆகும். அது வரைக்கும் போட்ட பணத்துக்கு வட்டி ஓடும், நிற்கிற இடத்துக்கு வாடகை ஓடும். மார்ச் மாசம் கணக்கு முடிக்க வேண்டும் என்றால் முதலாளியே அடக்க விலைக்குத் தள்ளிவிடுவார். யென், டாலர் ஏறி இறங்கும், கப்பல் கூலி மாறும். போன வருஷம் வந்து இறங்கினதும் இந்த மாசம் வந்ததும் ஒரே கொள்முதல் விலை இல்லை. ஒருவர் ஸ்டூல், கவர், முதல் வருஷம் இரண்டு ட்யூனிங் எல்லாம் விலைக்குள்ளேயே வைத்திருப்பார், இன்னொருவர் வெறும் பியானோ விலை சொல்லிவிட்டு ஸ்டூலுக்கு அப்புறம் பில் போடுவார். கம்பெனியின் நேரடி டீலர் இல்லாமல் வெளியிலிருந்து இறக்குகிறவர் குறைத்துத் தருவார், வாரன்டி கேட்டால் கையை விரிப்பார்.

அப்புறம் டீச்சர் கமிஷன். மாணவரை அனுப்பினால் இவ்வளவு சதவீதம் என்று பேச்சு இருக்கும். அதை நாங்கள் விலையிலேயே ஏற்றி வைத்திருப்போம். 8.60 கடை டீச்சர் சொன்னது என்று எழுதியிருக்கிறீர்களே, அதனால் சொன்னேன்.

மயிலாப்பூர் மிஸ் | 3:05

எல்லா டீச்சரையும் ஒரே மூட்டையில் கட்டாதீர்கள். 22 வருஷமாகச் சொல்லிக் கொடுக்கிறேன், ஒரு கடையிலும் ஒரு ரூபாய் வாங்கினதில்லை. மாணவர் வீட்டுக்கு நானே போய்ப் பார்த்து, என் பெட்ரோலில் கடைக்கும் போய், ஒவ்வொரு கீயாக அமுக்கிப் பார்த்துச் சொல்கிறேன்.

முன்னாள் கவுன்ட்டர் | 3:22

மேடம், உங்களைச் சொல்லவில்லை. ஆனால் என் கையாலேயே கவர் கொடுத்திருக்கிறேன்.

சுருதி சுத்தம் (பழைய உறுப்பினர்) | 3:40

வாங்கினால்தான் என்ன? வீட்டுத் தரகர் வாங்கவில்லையா? நல்ல டீச்சருடைய காது இல்லாமல் நீங்கள் ஃபர்னிச்சர்தான் வாங்குவீர்கள்.

மயிலாப்பூர் மிஸ் | 3:51

என்னைத் தரகர் என்றா சொல்கிறீர்கள்?

நம்ம ஊர் பாபு | 4:05

இதற்குப் பேசாமல் டிஜிட்டல் பியானோ வாங்கிவிடலாம். ட்யூனிங்கும் வேண்டாம், கமிஷனும் வேண்டாம்.

மட்டுறுத்துநர் | 4:30

கமிஷன் பேச்சுக்கும் டிஜிட்டல் சண்டைக்கும் தனி இழை திறக்கவும். நான்கு பதிவுகளை நீக்கியிருக்கிறேன்.

கோவை மீனா | 5:10

சார், இன்னும் இருக்கிறீர்களா? மூன்று கடையிலும் ஒரே மாதிரி எழுத்தில் கேளுங்கள்: மாடல் முழுப் பெயர், சீரியல் நம்பர், பெட்டி பிரிக்காததா, வரி, இரண்டாவது மாடி வரைக்கும் ஏற்றுக் கூலி, ஸ்டூல், எத்தனை ட்யூனிங், வாரன்டி யார் தருவது. எழுதித் தர மாட்டேன் என்று எவராவது சொன்னால் அவர் விலையைக் கணக்கிலேயே சேர்க்க வேண்டாம்.

முன்னாள் கவுன்ட்டர் | 5:25

ஆமாம். ஒரு எச்சரிக்கை: எழுத்தில் வந்த பிறகு கூர்ந்து படியுங்கள். யு1எஸ்ஹெச் என்றால் சைலன்ட் வைத்த யு1. யு1ஹெச் என்றால் 1970களில் வந்த மாடல், ஜப்பானிலிருந்து பழையது வாங்கிப் பாலிஷ் போட்டது. நடுவில் ஒரு எஸ், ஐம்பது வருஷ வித்தியாசம். பாலிஷ் போட்டால் கண்ணாடி மாதிரி மின்னும், புதுசு என்றே நம்பிவிடுவீர்கள். நல்ல பியானோவாகவும் இருக்கலாம், ஆனால் புதுசு விலை கொடுக்கக் கூடாது.

வேளச்சேரி அப்பா | ஞாயிறு இரவு 9:34

எல்லாருக்கும் நன்றி. 8.60 யு1தான். மற்ற இரண்டும் பி3. 5.35 வரி இல்லாத விலை, ஸ்டூலும் கூலியும் தனி, எல்லாம் கூட்டினால் ஆறேகால் லட்சம் தாண்டியது. 5.90 எல்லாம் உள்பட, ஆனால் ஷோரூம் பீஸ், டார்ச் அடித்ததில் கோடு நன்றாகவே தெரிந்தது. காட்டினதும் 5.60க்கு இறங்கினார், மூன்று ட்யூனிங் எழுதி வாங்கிக்கொண்டேன். புதன்கிழமை வருகிறது. சனிக்கிழமைச் சலுகை இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

ட்யூனிங் லீவர் | 9:50

நல்லது. வந்த அன்றே ட்யூனரைக் கூப்பிடாதீர்கள். இரண்டு மூன்று வாரம் உங்கள் வீட்டுக் காற்றில் நிற்கட்டும், அப்புறம் முதல் ட்யூனிங். ஜன்னலோரமும் ஏசிக்கு நேர் கீழும் வேண்டாம். படி திரும்புகிற இடம் அளந்தீர்களா?

சுருதி சுத்தம் (பழைய உறுப்பினர்) | 10:12

இந்தோனேசியாதானே. சரி.

ட்யூனிங் லீவர் | புதன் இரவு 8:20

படி அளந்தீர்களா சார்?